கிராணியார் பையில் நெத்திலி

சேசு மரி சூசை துணை

சுங்கை ரம்பாய்,
17 ஆகஸ்ட் 1952

அன்பு மகள் பாட்ரீசியாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். ஜூலியும் நலம். நீ முதலில் தேடுவது அதைத்தான் என்று தெரிந்துதான் எடுத்த எடுப்பிலேயே எழுதிவிட்டேன், இனி நிதானமாக உட்கார்ந்து படிக்கலாம். நீயும் அங்கே குளிருக்கும் இருமலுக்கும் இடம் கொடுக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உனக்காக ஒரு பத்து மணி தனியாகச் சொல்லுகிறேன். போன மாதம் நீ எழுதிய நாலு பக்கக் கடிதம் கிடைத்தது. அதில் மூன்றரைப் பக்கம் நாயை எப்படிப் பழக்குவது என்று இருந்தது. மிச்ச அரைப் பக்கத்தில் ஆஸ்பத்திரி, பரீட்சை, மழை எல்லாம் வந்துபோயின. நீ என்ன சாப்பிடுகிறாய் என்பதற்கு ஒரே ஒரு வார்த்தை, "உருளைக்கிழங்கு". நர்ஸ் வேலை படிக்கச் சீமைக்குக் கப்பல் ஏறிப் போனவள் நாய்க்கு வாத்தியாராகத் திரும்பி வருவாளோ என்று அப்பா கேட்டார். இப்போது கேட்க மாட்டார். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த விஷயம்தான் என்றாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். முள்கம்பி வேலி போட்ட நாளிலிருந்து தோட்டம் முழுவதற்கும் ஒரே வாசல். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற ஆண்களும் பெண்களும் அந்த வாசலில் வரிசையாக நின்று, மடி, பை, வாளி எல்லாம் சோதித்த பிறகுதான் வெளியே போக முடியும். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம், அதனால் ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக் கூடாது. கடையில் பால் டின் வாங்கினால்கூட ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுக்கிறான், வீட்டுக்கு வருவதற்குள் பாதி என் சேலையில். இந்த வாசலில்தான் உன் செல்ல மகள் ஜூலி தினமும் போய் நின்றுகொண்டு போலீஸ் லாரியைப் பார்த்தும் மாத்தா-மாத்தா போலீஸ்காரர்களின் சப்பாத்தைப் பார்த்தும் தொண்டை கிழியக் குரைத்தாள். ஜூன் கடைசியில் ஒரு மாத்தாவின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தும் விட்டாள். தோட்டத்துத் துரை அப்பாவைக் கூப்பிட்டு, ஆகஸ்ட் முடிவதற்குள் நாய் அடங்க வேண்டும், இல்லையென்றால் சுட்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார். அது வெறும் மிரட்டல் இல்லை. மே மாதம் ஆட்கள் குடியிருக்கும் லயத்து நாய்கள் இரண்டைச் சுட்டதை நீயும் கேள்விப்பட்டிருப்பாய். நீ பால் புட்டி பிடித்து வளர்த்த நாய். அதைச் சுட்டுவிட்டார்கள் என்று எந்தக் கையால் உனக்கு எழுதுவேன்? அந்தப் பயத்தில்தான் உன்னிடம் யோசனை கேட்டேன்.

உன் யோசனை வந்தது. நீ ஞாயிற்றுக்கிழமை தேநீர் குடிக்கப் போகும் அந்த வெள்ளைக்கார அம்மாள் தன் நாயை அடிக்கவே மாட்டாளாம், திட்டவும் மாட்டாளாம். அது நல்லபடியாக ஒன்றைச் செய்த அந்த நொடியே தின்ன ஏதாவது கொடுத்து, நன்றாகச் செய்தாய் என்று சொல்லுவாளாம். தப்பாகச் செய்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவாளாம். திட்டுவதற்காக நாயைக் கூப்பிடவே கூடாதாம், அப்படிக் கூப்பிட்டால் அடுத்த முறை வராதாம். இதை நான் சத்தமாக வாசித்தபோது அப்பா சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்குக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் போல இருந்தது. இருபத்தாறு வருடமாகத் தோட்டத்துக் கிராணியாக இருந்து முந்நூறு பேரை ஒரே குரலில் அடக்கி வைத்திருப்பவனுக்கு ஒரு நாயைக் கொஞ்சச் சொல்லிக்கொடுக்கிறாளா உன் மகள் என்றார். அவர் குரலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட ஆரம்பித்தால் லயத்துக் கோழிகூட "வந்தேன் ஐயா" என்று சொல்லும். ஜூலி மட்டும்தான் அந்தக் குரலுக்கு மசியவில்லை. அவர் அதட்ட அதட்ட, தன்னோடு சேர்ந்து குரைக்க இன்னொருவர் கிடைத்தார் என்று அவள் இன்னும் உற்சாகமாகக் குரைத்தாள்.

சரி, நானே பழக்கிவிடுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினேன். நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீ அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லிச் சிரிப்பாய், சொல், பரவாயில்லை. ஜூலி வாசலில் குரைக்க ஆரம்பித்தாளா, நான் ஓடிப்போய் அவள் வாயை அடைக்க ஒரு நெத்திலிக் கருவாட்டைப் போடுவேன். தின்னும் மட்டும் சத்தம் இருக்காது. ஆகா, உன் வைத்தியம் பலிக்கிறது என்று நினைத்தேன். நாலாம் நாள் லாரியும் இல்லை, மாத்தாவும் இல்லை, அவள் என் அடுப்படி வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்து மூன்று தரம் குரைத்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தாள். குரைத்தால் கருவாடு கிடைக்கும் என்று நான்தான் அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தால் நீ தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாய், குரைக்கும்போது கொடுக்காதே, வாயை மூடிய நொடியில் கொடு என்று. அவசரத்தில் பாதியை விட்டுவிட்டுப் படித்தது என் கண். அன்றோடு கையைக் கழுவிவிட்டு, அந்தோணியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அதிசயம். ஒரு வாரத்தில் ஜூலியின் குரைப்பு குறைய ஆரம்பித்தது. முதலில் லாரி தூரத்தில் வரும்போது காதை மட்டும் நிமிர்த்தினாள். பிறகு வாசலுக்கு இருபது அடி தள்ளியே உட்கார்ந்துகொண்டாள். பத்து நாளில் மாத்தா பக்கத்தில் நடந்து போனாலும் யாரையோ தேடுகிறவள் போலச் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அந்தோணியார் புதுமை என்றே நான் நம்பினேன். பாச்சாங்கிலிருந்து உன் மாமா கிளீட்டஸ் ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டு வந்தபோது அவனிடமும் பெருமையடித்து, மெழுகுதிரிக்குக் காசை அவன் கையிலேயே கொடுத்தும் அனுப்பினேன். நெத்திலி டப்பா மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. பூனைதான் காரணம் என்று அதை இரண்டு தரம் துடைப்பத்தால் விரட்டினேன். அப்பா வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னதாகவே பெரட்டுக்குப் புறப்பட்டுப் போகிறாரே என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையிலும் அப்படித்தான் அவசரமாகப் போனார், மூக்குக் கண்ணாடியை மேசையிலேயே வைத்துவிட்டார். பெரட்டு முடிகிற நேரம் நான் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அங்கே டவுனிலிருந்து புதிதாக வந்த ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி நின்றிருந்தார், சின்ன வயசு, வெயிலில் சுட்ட இறால் போல முகம். இத்தனை நாளும் கிராணி என்று உன் அப்பாவை யாரும் சோதித்ததில்லை. அவர்தான் பக்கத்தில் நின்று மற்றவர்களை அதட்டிச் சோதனைக்கு அனுப்புவார், ஆட்கள் சொல்வதை இங்கிலீஷில் சொல்லுவார். அன்றைக்கு அந்த அதிகாரி, கிராணியாக இருந்தாலும் சரி, எல்லாரையும் சோதியுங்கள் என்றார். மாத்தா சங்கடப்பட்டுக்கொண்டே அப்பாவின் காக்கிக் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டான். வெளியே வந்தது ஒரு பிடி நெத்திலிக் கருவாடு.

பாட்ரீசியா, இது விளையாட்டு இல்லை. உணவுப் பொருளோடு வாசலைத் தாண்டப் பார்த்தால் லாக்கப், அதற்கு மேல் வழக்கு, வேலையும் போகும், வீடும் போகும். மூன்று மாதத்துக்கு முன் மாயாண்டி, ரப்பர்த் தகடு உலர்த்தும் ஸ்மோக் ஹவுஸ் பக்கத்துக் கடைசி வீட்டில் இருப்பானே, பால் வெட்டுகிறவன், மாரியம்மாவின் புருஷன், அவன் தலைத்துண்டில் ஒரு உருண்டை சோறு இருந்தது என்று நாலு நாள் உள்ளே வைத்துவிட்டார்கள். ராத்திரிக் காய்ச்சல், சாப்பிட முடியவில்லை, கட்டி வைத்ததை மறந்துவிட்டேன் என்று அவன் அழுதுகொண்டு சொன்னான். அன்று அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியவர் உன் அப்பா. நேரமாகிறது என்று, சோறு வைத்திருந்ததை ஒப்புக்கொள்கிறான் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டார். காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று நானும் வாசலில் நின்றிருந்தேன், கான்வென்டில் ஆறு வருடம் படித்தவள், எனக்குப் புரிந்தது, வீட்டில் வந்து கேட்டதற்குச் சண்டைதான் மிச்சம். இதையெல்லாம் உனக்கு அப்போது எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

இப்போது அந்த அதிகாரி, இந்த மீன் யாருக்கு என்று கேட்கிறார், உன் அப்பா வாயைத் திறக்கவில்லை. நெத்திலியைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டப்பாவை இளைக்கவைத்த பூனை காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் நிற்கிறது. நம்மைக் கேலி செய்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் உன் கடிதத்தை எடுத்துப் படித்துப் பழக்கியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டுப் போவதுதானே? நாயைக் கொஞ்சினேன் என்று முந்நூறு பேர் முன்னால் சொல்வதைவிட காட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனவன் என்று பெயர் வாங்குவது மேல் என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில் நான்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷைப் பொறுக்கி எடுத்து, நாயைப் பழக்குவதற்கு ஐயா என்றேன். பிடிபடுகிற எல்லாரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லத்தான் செய்கிறார்கள் அம்மா, அப்படியானால் செய்து காட்டச் சொல்லுங்கள் என்றார் அவர். காட்டாவிட்டால் லாரியில் ஏற வேண்டும்.

ஜூலி அங்கேதான் நின்றிருந்தாள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெரட்டுக் குரலை எடுத்து, "ஜூலி! இங்க வா! உக்காரு!" என்று ஒரு அதட்டு அதட்டினார் பார். அந்தப் பிள்ளை மிரண்டுபோய்ப் பின்னாலேயே நகர்ந்து, காதைக் கீழே விட்டுக்கொண்டு பழையபடி குரைக்க ஆரம்பித்தாள். இரண்டாம் தரம் அதட்டினார், இன்னும் தள்ளிப் போனாள். அதிகாரி லாரிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். வரிசையில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உன் அப்பாவுக்காகப் பேச அங்கே யாருக்கும் ஒரு காரணமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நேரத்தில்தான் மாயாண்டி வாளியைக் கீழே வைத்துவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தான். "அப்படிக் கூப்பிட்டா அது வராதுங்க கிராணி. விடியக்காலம் பெரட்டுக் கொட்டாய்க்குப் பின்னால குந்திக்கிட்டு மெதுவாக் கூப்பிடுவீங்கள்ல, அப்படிக் கூப்பிடுங்க" என்றான். இவன் என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டார். யாரும் சொல்லாமலே அப்பா வாய் பழக்கத்தில் மொழிபெயர்க்க ஆரம்பித்துவிட்டது, குற்றவாளியும் அவர்தான், மொழிபெயர்ப்பாளரும் அவர்தான். மாயாண்டி நிறுத்தவில்லை. "பத்து நாளாப் பாக்குறேன் தொரை. அது சும்மா உக்காந்ததுக்கே நல்லாச் செஞ்சம்மா, நல்லாச் செஞ்சன்னு சொல்லி மீனைக் குடுப்பாரு. நான் பதினெட்டு வருசமா பால் மரம் வெட்டுறேன். என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல."

அப்பா முதல் பாதியைச் சொல்லிவிட்டார். மீன் கொடுப்பதைச் சொன்னார், பத்து நாள் என்று சொன்னார். அவர் தப்பிக்க அது போதும். அங்கே நிறுத்தினார். மிச்சத்தை விழுங்கிவிட்டால் கண்டுபிடிக்க என்னைத் தவிர அங்கே யார் இருக்கிறார்கள்? நான் கண்ணாடிக் கூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மாயாண்டியைப் பார்த்தார். பிறகு ஒரு சொல் விடாமல் சொன்னார், பதினெட்டு வருடமாக இவன் எனக்குக் கீழே மரம் வெட்டுகிறான், நன்றாகச் செய்தாய் என்று ஒருநாளும் இவனிடம் நான் சொன்னதில்லை என்று சொல்கிறான் ஐயா. அதோடு விடாமல், அது உண்மை என்று தானாகவே ஒரு வார்த்தை சேர்த்தார். கலியாணமாகி இருபத்துநாலு வருடத்தில் உன் அப்பாவைப் பார்த்து நான் பெருமைப்பட்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

அப்புறம் அவர் அந்தச் செம்மண்ணில், கஞ்சி போட்டுத் தேய்த்த கால்சட்டையோடு குந்தி உட்கார்ந்தார். "ஜூலிம்மா, வாம்மா" என்றார். நீ தொட்டிலில் கிடந்த காலத்துக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. குரைப்பு அப்படியே நின்றது. மெல்ல வந்தாள், சொல்வதற்கு முன்பே அவர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு நெத்திலியை எடுத்து அவள் மூக்குக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் வைத்தார். அதிகாரி பூட்ஸ் காலால் தரையைத் தட்டிப் பார்த்தார், லாரிக்காரனை ஹாரன் அடிக்கச் சொன்னார். அவள் மீனையும் பார்க்கவில்லை, லாரியையும் பார்க்கவில்லை, அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ம், சாப்பிடு என்று அவர் சொன்ன பிறகுதான் வாயை வைத்தாள். நல்லாச் செஞ்சம்மா என்றார் அப்பா. அதிகாரி சிரித்துவிட்டார். அவர் ஊரில் அவர் வீட்டு நாய் விருந்தாளி தட்டிலிருந்தே எடுத்துத் தின்னுமாம். மிச்ச மீனைக் கொட்டச் சொல்லி, இனி பையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எச்சரித்து விட்டுவிட்டார். இந்த நாயைச் சுட வேண்டியதில்லை என்று துரையிடமும் அவரே சொல்லிவிட்டுப் போனார். எனவே உன் ஜூலிக்கு ஒரு ஆபத்தும் இல்லை. நெத்திலி டப்பா இப்போது வெளிப்படையாகவே காலியாகிறது. பூனையிடம் நான் மன்னிப்புக் கேட்டாயிற்று.

அன்று சாயங்காலம் அப்பா உன் கடிதத்தைக் கேட்டு வாங்கி, என் எதிரிலேயே வைத்துப் படித்தார், முன்பே பத்துத் தரம் படித்த கடிதத்தைப் புதிதாகப் படிப்பவர் போல. புதன்கிழமை நடந்ததை மாரியம்மா வந்து சொன்னாள். மரத்தின் வெட்டைப் பார்க்க ரப்பர்க் காட்டுக்குள் போன அப்பா மாயாண்டியின் மர நிரையில் நின்று ஒவ்வொரு மரமாகப் பார்த்தாராம். பட்டையில் ஒரு காயம் இல்லையாம், கோடு போட்ட மாதிரி இருந்ததாம். வெட்டு நல்லா இருக்கு மாயாண்டி என்று சொன்னாராம், அதட்டாமல். மாயாண்டி வாளியை இறக்கி வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "என்ன தப்புங்க கிராணி?" என்று கேட்டானாம்.

மாரியம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. அப்பா திரும்பவும் அதையே சொன்னாராம். மாயாண்டி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டானாம். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அப்பா அந்த நிரைக்குப் போய் நின்று ஏதோ ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வருகிறாராம், அவன் இன்னும் துண்டை அவிழ்க்கிறானாம். நேற்று சாப்பிடும்போது அப்பா என்னைப் பார்க்காமல், ஜூலிக்குப் பத்து நாள் பிடித்தது, பதினெட்டு வருடத்துக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று அந்த வெள்ளைக்கார அம்மாளிடம் கேட்டு எழுதச் சொல்லு என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை மகளே. கேட்டு எழுது.

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் கையால் மருந்து வாங்குகிற நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும். பரீட்சையை நன்றாக எழுது, கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு படு, உருளைக்கிழங்கோடு வேறு எதையாவதும் சேர்த்துச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை பூசையை முடித்துவிட்டுத் தேநீருக்குப் போ, தேநீரை முடித்துவிட்டுப் பூசைக்குப் போகாதே. அடுத்த கடிதத்தில் அப்பாவுக்கென்று தனியாக ஒரு தாள் வை, நன்றாகச் செய்தீர்கள் அப்பா என்று அதில் எழுது. நான் சொன்னால், இவளுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
அக்னஸ் மிக்கேல்ராஜ்